நோய்க்குக் கணக்கு போட்டு என்ன கிடைச்சுது? 93 வீடும் ஒரு கிணறும்

கேள்வி (2023 ஆகஸ்ட் 4, வாசகர் ஒருத்தர் போட்டது)

கோவிட் டைம்ல டிவில தெனம் ஒருத்தர் வந்து கிராஃப் காட்டுனாரு. இந்தத் தேதில உச்சம், இந்தத் தேதில முடிஞ்சிரும்னு. எதுவும் நடக்கல. இந்தத் தொற்றுநோய் மாடல் எல்லாம் போட்டு உலகத்துல ஒரு ஊருக்காவது பிரயோஜனம் இருந்துருக்கா? இருந்தா ஒரே ஒரு உதாரணம் சொல்லுங்க, கேட்டுக்கறேன்.

2023 ஆகஸ்ட் 5, ராத்திரி 10:50

நான் பிளஸ் டூ கணக்கு வாத்தியார், பத்தொம்பது வருஷமா. உங்க கோவம் புரியுது, அதே கோவம் எனக்கும் உண்டு, அதுக்கு என் வீட்டுக் காரணமே ஒண்ணு இருக்கு, அத அப்புறம் எழுதுறேன். மொதல்ல அந்த கிராஃப் எங்கேருந்து வருதுன்னு சொல்லிடறேன். ஊர்ல ஆயிரம் பேருன்னு வைங்க. மூணு கூட்டமா பிரிக்கணும்: இன்னும் வராதவங்க, இப்ப நோயோட இருந்து பரப்புறவங்க, வந்து போனவங்க. தெனம் மொத கூட்டத்துலேருந்து கொஞ்ச பேரு ரெண்டாவதுக்குப் போவாங்க, ரெண்டாவதுலேருந்து கொஞ்ச பேரு மூணாவதுக்கு. எஸ்-ஐ-ஆர் மாடல்னு சொல்றது இவ்ளோதான். யாருக்கும் எதிர்ப்பு சக்தியே இல்லாத ஊருக்குள்ள ஒரு நோயாளி நுழைஞ்சா சராசரியா எத்தன பேருக்குக் குடுப்பாரோ அதுக்குப் பேரு ஆர் நாட். தட்டம்மைக்கு 12லேருந்து 18 வரைக்கும் சொல்லுவாங்க. ஆர் நாட் ரெண்டா இருக்குற நோய் ஊர்ல பாதி பேருக்கு வந்ததும் நின்னுரும், ஏன்னா அதுக்கப்புறம் அந்த ரெண்டு பேர்ல ஒருத்தருக்கு ஏற்கனவே வந்து போயிருக்கும்.

2023 ஆகஸ்ட் 6, காலைல 6:15

மேல எழுதுன கடைசி வரி தப்பு. அழிக்க மனசில்ல, ஏன்னா இதே தப்ப 2020ல நெறைய பேரு பேசுனாங்க. பாதி பேருக்கு வந்த அன்னைக்கு நோய் நிக்காது, உச்சத்துல இருக்கும். ஆயிரம் பேர் ஊர்ல அன்னைக்கு 153 பேரு நோயோட நடமாடுவாங்க. அந்த 153 பேரும் ஆளுக்கு ஒருத்தருக்கும் கொஞ்சம் கம்மியா குடுத்துக்கிட்டேதான் இருப்பாங்க. திருவிழால ராட்டினம் சுத்துறவன் கைய எடுத்ததும் நிக்குதா, நாலு சுத்து சுத்திட்டுத்தான நிக்கும், அது மாதிரி. எல்லாம் ஓயும்போது 797 பேருக்கு வந்து போயிருக்கும். 500க்கும் 797க்கும் நடுவுல இருக்குற முன்னூறு பேரு என் ஒரு வரில காணாமப் போயிட்டாங்க.

2023 ஆகஸ்ட் 6, மத்தியானம்

அதே எக்செல் தெறந்துதான் இருந்துச்சு, இன்னொண்ணு போட்டுப் பாத்தேன். எல்லாரும் நாலு பேர சந்திக்கிற எடத்துல மூணு பேர சந்திச்சா? ஆர் நாட் ரெண்டுலேருந்து ஒண்ணரை ஆகும். மொத்தம் நோய் வர்றவங்க 797லேருந்து 583. ஆனா உச்சத்தன்னைக்கு நோயோட இருக்கறவங்க 153லேருந்து 63. கால்வாசி குறைச்சதுக்கு உச்சம் பாதிக்கும் கீழ எறங்கிருச்சு பாருங்க. நூறு நோயாளில அஞ்சு பேருக்கு ஆக்சிஜன் வேணும், ஊர் ஆஸ்பத்திரில அஞ்சு பெட்டுதான்னு வைங்க. மொத கணக்குல எட்டு பேரு வந்து நிப்பாங்க, மூணு பேரு வாசல்ல. ரெண்டாவதுல மூணு பேருதான் வருவாங்க, ரெண்டு பெட்டு காலியா இருக்கும். தேதி எதுவும் சொல்லாத கணக்குதான் இது, ஆனாலும் எத்தன சிலிண்டர் ஆர்டர் பண்ணணும்னு சொல்லுது.

2023 ஆகஸ்ட் 8

இதுக்கு மேல தள்ளிப் போட வேணாம், வீட்டுக் கதைய எழுதிடறேன்.

2021 பிப்ரவரி. நாடு முழுக்க ஒரு நாளைக்கு பத்து, பதினோராயிரம் கேஸ்தான். தங்கச்சி கல்யாணத்த சித்திரை மொத முகூர்த்தத்துல வைக்கலாமா, ஆவணிக்குத் தள்ளலாமான்னு வீட்ல பேச்சு. நீதான் கணக்கு படிச்சவன், நீ சொல்லுடான்னாரு அப்பா. நான் 2020 ஏப்ரல்லேருந்து கேஸ் எண்ணிக்கைய எக்செல்ல ஏத்தி வளைவப் பொருத்தி வச்சிருந்தேன், அழகா ஏறி அழகா எறங்குன மலை மாதிரி ஒட்டிக்கிச்சு. எறங்குதுன்னா பத்திக்க ஆள் தீந்து போச்சு, வைங்கன்னேன். அந்த மாசம் மொத வாரத்துலதான் ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில்) சர்வே முடிவு வந்துச்சு, டிசம்பர், ஜனவரில எடுத்த ரத்தத்துல நூறுக்கு 21 பேருக்குத்தான் ஆன்டிபாடி, அதாவது நோய் வந்து போன அடையாளம், இருந்துச்சு. அந்த எண்ண நான் படிச்சேன். படிச்சிட்டு என் மலைக்கு ஒத்து வரலன்னு ஓரமா வச்சிட்டேன். பாக்கி 79 பேருக்கு இன்னும் வரவே இல்லைன்னு அந்த ஒரு எண் கத்திச் சொல்லிக்கிட்டு இருந்துச்சு.

மே மொத வாரம் ஒரே நாள்ல நாலு லட்சத்துப் பதினாலாயிரம் கேஸ். தமிழ்நாட்டுல மட்டும் மே 21ல ஒரு நாளைக்கு 36 ஆயிரத்தத் தாண்டுச்சு. கல்யாணத்துக்கு வந்த சித்தப்பா பத்தொம்பது நாள் ஆக்சிஜன்ல இருந்து வீட்டுக்கு வந்தாரு. பந்தில சாம்பார் வாளியோட நின்ன ஒரு அண்ணன் வரல. டெல்டா வந்ததுனாலன்னு எல்லாரும் சொன்னாங்க, அது உண்மைதான், புது வைரஸ் வரும்னு என்னால சொல்லியிருக்க முடியாது. ஆனா 79 பேரு மிச்சம் இருக்காங்கன்னு சொல்லியிருக்க முடியும், சொல்லல. அந்த அண்ணனோட பையன் இப்ப என் கிளாஸ்லதான் உக்காந்துருக்கான்.

2023 ஆகஸ்ட் 9

நேத்து எழுதிட்டுத் தூக்கமே வரல.

2023 ஆகஸ்ட் 12, சனிக்கிழமை

நான் பண்ண தப்புக்கு நூறு வருஷத்துக்கு முந்தின அண்ணன் ஒருத்தன் இருக்கான், பம்பாய்ல. எஸ்-ஐ-ஆர் மாடலோட மூலக் கட்டுரை 1927ல வந்தது, கெர்மாக்கும் மெக்கென்ட்ரிக்கும் எழுதுனது. மெக்கென்ட்ரிக் டாக்டர், இந்திய மருத்துவப் பணில சேந்து இமாச்சல்ல இருக்குற கசௌலி பாஸ்டர் இன்ஸ்டிடியூட்டுக்கு டைரக்டரா இருந்தவர், 1920ல உடம்பு முடியாம எடின்பரோ திரும்பிட்டார். கெர்மாக் கெமிஸ்ட், 1924ல லேப்ல நடந்த விபத்துல ரெண்டு கண்ணும் போயிருச்சு, அப்ப வயசு 26. பேப்பர பாக்க முடியாத ஒருத்தர் மனசுக்குள்ளயே போட்ட கணக்கு, இத ஒவ்வொரு வருஷமும் பசங்ககிட்ட சொல்லுவேன்.

அந்தக் கட்டுரைல ஒரே ஒரு நெஜ ஊர்க் கணக்குதான் உண்டு. பம்பாய் பிளேக், 1905 டிசம்பர் 17லேருந்து 1906 ஜூலை 21 வரைக்கும், வாராவாரம் செத்தவங்க எண்ணிக்கை. புள்ளிகள் மேல ஒரு வளைவு, 890ஐ ஹைபர்பாலிக் சீகண்ட் ஸ்கொயரால பெருக்கி வர்ற, மணி மாதிரி ஏறி எறங்குற வளைவு, பதினேழாவது வாரத்துல உச்சம், அதாவது ஏப்ரல் நடுவுல. வளைவுக்குக் கீழ இருக்குறத மொத்தமா கூட்டுனா 8,900 சாவு. புள்ளியும் கோடும் அவ்ளோ நல்லா ஒட்டும். காலேஜ்ல மொதல்ல பாத்தப்ப எனக்கு சிலிர்த்துச்சு.

ஆனா பிளேக் மனுஷன்கிட்டேருந்து மனுஷனுக்கு நேரா அப்படிப் பரவுற நோயில்ல, எலி, எலிமேல இருக்குற தெள்ளு, அப்புறம்தான் மனுஷன். 1896ல பம்பாய்க்கு வந்ததுலேருந்து வருஷா வருஷம் அதே பருவத்துல ஏறிச்சு, வெயில் ஏறினதும் எறங்குச்சு. ஆள் தீந்து போய் எறங்கியிருந்தா அடுத்த வருஷம் எப்படி வரும்? பத்து லட்சம் பேர் ஊர்ல ஒம்பதாயிரம் பேரு செத்ததும் பத்திக்க ஆளே இல்லாமப் போயிருமா? 2012ல நிக்கோலா பகாயேர்னு ஒரு பிரெஞ்சுக் கணிதர் எலியையும் தெள்ளையும் பருவத்தையும் சேத்து மறுபடி கணக்கு போட்டு, அந்த எறக்கம் பருவத்தால வந்ததுன்னு காட்டுனார்.

எறங்குற எல்லா வளைவும் ஒண்ணு போலத்தான் தெரியும். ஏன் எறங்குதுன்னு வளைவுக்குள்ள எழுதியிருக்காது. 2021 பிப்ரவரில நான் பாத்ததும் அதேதான்.

2023 ஆகஸ்ட் 13

ஒருத்தர் கீழ கேட்டிருக்காரு, அப்ப கெர்மாக், மெக்கென்ட்ரிக் ரெண்டு பேரும் ஏமாத்துனாங்களான்னு. இல்லங்க, அவங்களுக்கு நான் அநியாயம் பண்ணிட்டேன், நேத்தே எழுதியிருக்கணும். படத்துக்குப் பக்கத்துலயே வரிசையா சொல்றாங்க: மனுஷ பிளேக் எலி பிளேக்கோட நிழல்னு எடுத்துக்கறோம், எல்லா எலியும் ஒண்ணுபோல நோய்க்கு ஆளாகும்னு எடுத்துக்கறோம், பம்பாய்த் தீவுல இருக்குற எந்த எலிக்கும் ஒரே வாய்ப்புன்னு எடுத்துக்கறோம், பரவுற வேகம் கடைசி வரைக்கும் மாறாதுன்னு எடுத்துக்கறோம், தெள்ளு ஏராளமா இருக்குன்னு எடுத்துக்கறோம். இதுல எதுவும் முழுசா உண்மையில்ல, அதனால இது ரொம்பத் தோராயம்தான்னு முடிக்கிறாங்க. அந்தப் பத்திய விட்டுட்டு படத்த மட்டும் எடுத்துக்கிட்டது பின்னாடி வந்த நாங்க.

2023 ஆகஸ்ட் 15

இப்ப நீங்க கேட்ட ஒரே ஒரு உதாரணம். லீவு நாள், நிதானமா எழுதுறேன்.

அதே மெக்கென்ட்ரிக், 1926ல எழுதுன கட்டுரை. இந்தியால ஒரு கிராமம், காலரா. 223 வீடு. 168 வீட்ல யாருக்கும் வரல. 32 வீட்ல ஒருத்தருக்கு, 16 வீட்ல ரெண்டு பேருக்கு, 6 வீட்ல மூணு பேருக்கு, ஒரு வீட்ல நாலு பேருக்கு. தரவு மொத்தமே இந்த அஞ்சு எண்தான். நோட்ட எடுங்க, நீங்களும் போடுங்க.

நோய் வந்தவங்க: 32, ரெண்டு பதினாறு 32, மூணாறு 18, ஒரு நாலு. கூட்டுனா 86. இந்த 86ம் 223 வீட்டுக்கும் எந்தப் பாகுபாடும் இல்லாம சிதறியிருந்தா எப்படி இருந்துருக்கும்? சுமார் 152 வீட்ல ஒண்ணுமில்ல, 58 வீட்ல ஒருத்தர், 11 வீட்ல ரெண்டு பேரு, மூணு பேருக்கு வந்த வீடு ஒண்ணோ ரெண்டோ. நெஜத்துல ஆறு. ஒருத்தருக்கு மட்டும் வந்த வீடு 58க்கு பதிலா 32. பொருந்தவே இல்ல. கணக்கு தோத்துருச்சுன்னு இங்கயே நோட்ட மூடலாம்.

அவரு மூடல. 168ங்கற எண்ண நம்பாம விட்டாரு. அந்த 168 வீட்ல ரெண்டு வகை கலந்துருக்கு, நோய் எட்டிப் பாத்தும் தப்பிச்ச வீடு, நோய் எட்டியே பாக்காத வீடு. அப்ப நோய் வந்த 55 வீட்டோட எண்ண மட்டும் வச்சு, நோயோட தொடர்பே இருந்த வீடு மொத்தம் எத்தனன்னு கேட்டாரு. ஒவ்வொரு வீட்டு எண்ணையும் வர்க்கம் பண்ணிக் கூட்டுங்க: 32, 64, 54, 16, மொத்தம் 166. இப்ப 86ஐ 86ஆல பெருக்கி, 166லேருந்து 86ஐக் கழிச்சா வர்ற 80ஆல வகுங்க. 92 புள்ளி நாலு சொச்சம். 93 வீடு. 93 வீட்டுக்குள்ள 86 பேரு சிதறுனா எப்படி இருக்கணும்? ஒண்ணுமில்லாதது 37, ஒருத்தர் 34, ரெண்டு பேர் 16, மூணு பேர் 5, நாலு பேர் 1. நெஜ எண்ணப் பாருங்க: 32, 16, 6, 1. பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்தா எனக்கு இப்பவும் ரோமம் எந்திரிக்குது.

இதுலேருந்து அவரு சொன்னது, இது தண்ணியால வந்துருக்கணும், ஊர்ல பல கிணறு இருக்கணும், அதுல ஒண்ணு கெட்டுப் போயி, 223ல 93 வீடு அந்தக் கிணத்துத் தண்ணியக் குடிச்சிருக்கணும். ஊர்ல போயி விசாரிச்சாங்க. அப்படித்தான் இருந்துச்சுன்னு எழுதியிருக்காரு.

கணக்கு பொருந்தாத எடத்துல கிணறு இருந்துச்சுங்க.

2023 ஆகஸ்ட் 15, சாயங்காலம்

அப்பாயிகிட்ட இதப் படிச்சுக் காட்டுனேன். எண்பத்தேழு வயசு, காலரான்னு சொல்லாது, வாந்திபேதின்னுதான் சொல்லும். முழுசா கேட்டுட்டு, இதுக்கு எதுக்குக் கணக்கு, எந்தத் தெரு எந்தக் கிணறுன்னு ஊர்ல எல்லாருக்கும் தெரியுமேன்னுச்சு. எங்க ஊர்ல அப்பாயி வாக்கப்பட்டு வந்தப்ப நாலு கிணறு. நல்லதண்ணிக் கிணறு ஒண்ணுதான் குடிக்க இனிக்கும், அதுல எறைக்க எல்லாத் தெருவுக்கும் உரிமை கெடையாது. கீழத்தெருக்காரங்க குளத்தங்கரை ஊத்துலதான் எடுக்கணும். ஒரு வருஷம் பேதி வந்தப்ப ஊத்துத் தண்ணி குடிச்ச தெருவுலதான் அழுகச் சத்தம் ஓயலன்னு சொல்லிட்டு அப்பாயி ரொம்ப நேரம் பேசல.

ஊர்ல எல்லாரும் எல்லாரோடயும் ஒண்ணுபோலக் கலக்கறாங்கன்னு மாடல் மொத வரிலயே எடுத்துக்கும். எந்த ஊர்ல கலக்குறாங்க? யாரு எந்தக் கிணத்துல வாளிய விடலாம்னு ஜாதி தீர்மானிச்ச ஊர்ல நோயும் அந்த வழியாத்தான் போச்சு. பாடம் நடத்தும்போது அந்த மொத வரிய இத்தன வருஷமா வேகமா தாண்டிப் போயிருக்கேன்.

2023 ஆகஸ்ட் 20

இன்னைக்குக் கொசு நாள். 1897 ஆகஸ்ட் 20ல செகந்திராபாத்ல ரொனால்ட் ராஸ் கொசு வயித்துக்குள்ள மலேரியாக் கிருமியப் பாத்த நாள். நோபல் வாங்குனது எல்லாருக்கும் தெரியும், அவரு கணக்குப் பைத்தியம்னு நெறைய பேருக்குத் தெரியாது. மலேரியாவ ஒழிக்க ஊர்ல கடைசிக் கொசு வரைக்கும் கொல்ல வேண்டியதில்ல, ஒரு அளவுக்குக் கீழ கொண்டு வந்தா நோய் தானா அத்துப் போகும்னு சமன்பாடு எழுதிச் சொன்னவரு. அத அப்ப நம்பாதவங்க நெறைய. 1901ல சியரா லியோன் போனப்ப கூட இருந்த இளவட்ட டாக்டர்தான் நம்ம மெக்கென்ட்ரிக். அந்தக் கணக்கு ஆச அங்கதான் தொத்திக்கிச்சு.

1950கள்ல ஜார்ஜ் மெக்டொனால்ட்னு ஒரு மலேரியா ஆராய்ச்சியாளர் இத இன்னும் கொஞ்சம் தள்ளிக் கொண்டு போனாரு. கொசு நோயாளியக் கடிச்சதும் பரப்பாது, கிருமி உள்ள வளர சுமார் பத்து நாள் ஆகும், அது வரைக்கும் கொசு உயிரோட இருக்கணும். ஒரு நாளப் பொழைக்க நூறுக்குத் தொண்ணூறு வாய்ப்புன்னா பத்து நாள் தாண்டுறது நூறுல 35. சொவத்துல மருந்தடிச்சு அந்தத் தொண்ணூற எண்பதாக்குனா? நூறுல 11. அதுக்கப்புறம் மிச்சமிருக்குற ஆயுசும் பாதியாகும், ரெண்டும் சேந்து பரவுற சக்தி ஏழுல ஒரு பங்காயிரும். ஊர்ல இருக்குற கொசு எண்ணிக்கையப் பாதியாக்குனா பரவுறதும் பாதிதான் ஆகும். கெழட்டுக் கொசுதான் ஆபத்து, அது கெழடாகவே விடக்கூடாதுங்கறது கணக்குலேருந்து வந்தது. வீட்டுச் சொவத்துல டிடிடி அடிச்சதுக்குப் பின்னாடி இருந்த பலமான காரணம் இது.

ஒரு உதாரணம் கேட்டீங்க, ரெண்டாயிருச்சு.

2023 ஆகஸ்ட் 26

பசங்களுக்கு 93 வீட்டக் காட்டணும்னு ஆச. எந்தப் பாகுபாடும் இல்லாம சிதறுனா எந்த எடத்துல எத்தன விழும்னு சொல்ற பாய்ஸான் பரவல் பாடத்த ஃபார்முலாவா எழுதிப் போட்டா யாருக்கும் ஏறாது. வெராண்டால சாக்பீஸால 93 கட்டம் போடச் சொன்னேன். ஒரு பொண்ணு வீட்லேருந்து புளியங்கொட்டை கொண்டு வந்துச்சு. 86 எண்ணி எடுத்து, கண்ணக் கட்டிக்கிட்டு ஒவ்வொண்ணா வீசணும், கோட்டுக்கு வெளிய போனா மறுபடி. சிமெண்டுத் தரைல கொட்டை துள்ளிக் குதிச்சு ஓடுது, ஒரே சிரிப்பு. முடிச்சுட்டு எண்ணுனா காலிக் கட்டம் முப்பத்தெட்டு. போர்டுல 37னு மொதல்லயே எழுதி சாக்குத் துணியால மூடி வச்சிருந்தேன். துணிய எடுத்ததும் கிளாஸ் அமைதியாயிருச்சு. அந்தப் பொண்ணு மட்டும், சார் இந்த 38 வீட்டுக்காரங்களும் அதே தண்ணியத்தான குடிச்சாங்கன்னு கேட்டுச்சு. ஆமாம்மா, அதே தண்ணிதான்.

2023 ஆகஸ்ட் 27

ஒரு சின்னத் திருத்தம். முப்பத்தெட்டு வந்தது ரெண்டாவது தடவ. மொத தடவ வீசுனப்ப நாப்பத்திரண்டு. ரெண்டையும் எழுதிருக்கணும், ஒட்டுனத மட்டும் எழுதக் கூடாதுன்னு இந்த இழைலயே நாலு தடவ பொலம்பியிருக்கேன்.

2023 செப்டம்பர் 2

223 கட்டம் போட வெராண்டா பத்தல, கபடி மைதானத்துக்குப் போயிட்டோம். அதே 86 கொட்டை. மூணு கொட்டை விழுந்த கட்டம் ஒண்ணு, நாலு விழுந்தது இல்ல. பந்தில நின்ன அண்ணனோட பையன் போர்டுல இருந்த மெக்கென்ட்ரிக் எண்ணையும் மைதானத்தையும் மாத்தி மாத்திப் பாத்துக்கிட்டே நின்னான். அப்புறம் சாக்பீஸ எடுத்து, 223 கட்டத்துக்கு நடுவுல குறுக்க ஒரு கோடு போட்டான், ஒரு பக்கம் 93. எல்லாக் கொட்டையையும் பொறுக்கி அந்தப் பக்கம் மட்டும் வீச ஆரம்பிச்சான். நான் எதுவும் சொல்லிக் குடுக்கல, தள்ளி நின்னுக்கிட்டேன். பெல் அடிச்சும் யாரும் போகல.